ஒரே வீட்டில் ஒரே பேர்

டியூஷன் முடிந்து வந்த சின்னத்தாய் நேராக வீட்டுக்குள் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், வலது உள்ளங்கையை விரித்துக் கம்பிக் கதவில் கொஞ்ச நேரம் ஒட்ட வைத்திருந்தாள், அதன் பிறகுதான் படியேறினாள். கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பானுப்பிரியா நிமிர்ந்து அவளையே பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும், அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சொந்த வீட்டு வாசல் வரைக்கும் இழுத்து வந்தவள் பானுவின் தங்கை. அவள் பேரும் சின்னத்தாய்தான்.

"ஏ புள்ள, இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"எதம்மா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை பையை இறக்கிவைத்து அடுப்படிக்குள் போனாள்.

பிள்ளைகள் கண்டதைச் செய்யும், இதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா என்று பானு மனதைத் தேற்றிக்கொண்டாள். ஏழு வயதுக் கழுதை எங்காவது பார்த்திருக்கும். வெம்பக்கோட்டை ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிதானே. புருஷன் பாலகுரு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

பானுவுக்குச் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. தங்கை வேலை பார்த்த, வெடி விபத்தில் மூடிக் கிடந்த இன்னொரு கம்பெனியை அவள் முதலாளி விலைக்கு வாங்கிவிட்டதால், இரண்டு கம்பெனி ஆட்களின் விவரத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஊருக்குள் தெரு, தெருவுக்குள் வீடு, வீட்டுக்குள் ஆள், ஆளுக்குள் வயது, படம், உடம்பு அடையாளம். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பதற்காக வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. கிஃப்ட் பாக்சுக்குள் டப்பா, டப்பாவுக்குள் பாக்கெட் என்று அடுக்குகிற மாதிரிதான். இரண்டு பக்கமும் ஒரே பேரில் டப்பா இருந்தால் இரண்டையும் திறந்து உள்ளே போ, அங்கேயும் இதே வேலையைச் செய். ஒரு பக்கம் இல்லாததை மறுபக்கத்திலிருந்து எடுத்துக் கொடு. இரண்டும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள். இவ்வளவுதான் அவள் எழுதிய புரோகிராம். தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு அடிமட்டம் வரைக்கும் இறங்கிப் போகும்.

"எதையும் அழிச்சிராதம்மா" என்று மேனேஜர் அய்யாதுரை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "விபத்துக் கேசு இன்னும் கோர்ட்டுல கெடக்கு. அம்புட்டும் இருக்கட்டும்."

மதியம் சாப்பிட்ட கையோடு அதை ஓடவிட்டிருந்தாள். சாத்தூர் முடிந்து, மல்லாங்கிணறு முடிந்து, இப்போது திரையில் அவளுடைய தெருவின் பேர் ஊர்ந்துகொண்டிருந்தது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது, அதற்குப் பின்னாலேயே, மழைக்கு முந்தி மண்வாடை வருவதுபோல மெல்ல, கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்து வியர்வையில் ஊறிய அந்தப் பழைய வாடை வந்தது, எட்டு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத வாடை. எண்ணெயைக் கையில் ஊற்றி யாரோ தேய்க்கும் சத்தம். விரல் விரலாக. நகக்கண் நகக்கண்ணாக. வேலை விட்டு வந்ததும் பொடி போகத் தங்கை அப்படித்தான் தேய்ப்பாள்.

"அக்கா, சோப்பு எங்கன இருக்கு?"

குரல் பிள்ளையின் குரல்தான்.

பானு எழுந்திருக்கவில்லை. தான் செய்த தப்பு என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் இருக்க மாட்டார்கள் என்று நம்பி, வீட்டையும் பேரையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காணச் சொல்லியிருந்தாள். உயிரோடு இருப்பவர்களில் இருக்க மாட்டார்கள். ஆனால் செத்துப்போனவர்களின் பேரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைக்காத வீடு இந்த ஊரில் எது? பிள்ளை பிறந்த அன்று, போனவளே திரும்பி வந்துட்டா என்று தெருவே சொன்னது. அன்றைக்கு அவளுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

திரையைப் பார்த்தாள். சின்னத்தாய். வயது: ஏழு, பத்தொன்பது.

இரண்டு வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேறு வேறாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள். கீழே ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. இனி ஒரு பக்கம் மட்டும் இருப்பவை வரும். தங்கையிடம் இருக்கிற, ஆனால் பிள்ளையிடம் இல்லாதது என்ன?

விபத்து.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் தங்கையைத் தலையோடு காலாக வெள்ளைத் துணியில் சுற்றி, கழுத்தில் முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்தார்கள். அவுக்காதீக, பாக்க முடியாது என்றார்கள். யாரும் பார்க்கவில்லை.

வேலை ஓடுவது ஆபீஸ் மெஷினில். நிறுத்தும் கட்டளையை அடிக்கப் போனாள். விரல் சாவிமேல் இருக்கும்போதே கரண்ட் போனது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. திரை அந்த வரியிலேயே உறைந்து நின்றது. ஆனால் அங்கே அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அய்யாதுரைக்குப் போன் போட்டாள். "சார், ஆபீஸ் மெஷின உடனே அமத்துங்க."

"ஆபீசப் பூட்டிட்டு நான் சாத்தூர் வந்துட்டேனேம்மா. இப்பக்கூட போன்ல பாத்தேன், நல்லாத்தான போய்ட்டிருக்கு. உங்க தெருவே முடியப் போகுது."

"என் பிள்ள சார். அதுக்குள்ள என் பிள்ள இருக்கா."

"என்னம்மா சொல்றீக?"

போனைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். இருட்டில் கை துழாவியது. சின்னத் தோள். எண்ணெய்க் கை. வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். கனத்தது. ஏழு வயதுப் பிள்ளையின் கனம் இல்லை. சுட்டது. காய்ச்சல் சூடு இல்லை. விட மாட்டேன் என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கரண்ட் வந்தது. டியூப் லைட் இரண்டு தரம் சிமிட்டி எரிந்தது. கூடத்தில், வேலை முடிந்ததற்கு அடையாளமாக, லேப்டாப் ஒருமுறை மணியடித்து ஓய்ந்தது.

"அம்மா" என்றாள் பிள்ளை. "ஏன் இருட்டாவே இருக்கு? லைட்டப் போடேன்."

வெளிச்சம் வீடு முழுக்க இருந்தது. பானு குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தேடிக் கையை மட்டும் கொண்டுபோனாள். கன்னம் அகப்படவில்லை. காதும் அகப்படவில்லை. துணி. கஞ்சி போட்ட புதுத் துணி, தலையிலிருந்து இறுக்கிச் சுற்றியது. விரல் கழுத்துக்கு இறங்கியது. முடிச்சு.

துணிக்குள்ளே சூடான மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அவுத்து விடும்மா" என்றது ஒரு குரல்.

"அவுக்காதக்கா" என்றது இன்னொன்று, அதே வாயிலிருந்து. "பாக்க முடியாது."