மச்சு அறையில் காய்ச்சல்

மச்சு அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. உட்பக்கம் ஒன்றுகூட இல்லை.

வீட்டைப் பார்க்க வந்த அன்று ரெனால்ட் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் தேக்கு உத்தரங்களையும், தெருவைப் பார்த்த மரக் கிராதியையும், நடந்தால் லேசாக முனகும் பலகைத் தரையையும் விட்டு நகரவே இல்லை. பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு மண்டிக்காரர் கட்டிய வீடு. அவருடைய மகள் ஜஹீருன்னிசா ஆம்பூரில் இருக்கும் தன் மகளோடு போய்விட்டதால் வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் ரெனால்டின் மனைவி ஃபீபியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“பசங்க எத்தனை மா?”

“இல்ல,” என்றாள் ஃபீபி.

அது பொய்யும் இல்லை. மகள் ஜெமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டாயிரம் ஆகஸ்டில் நாலு நாள் காய்ச்சல். கடைசி நாளன்று ஃபீபிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பகல் டியூட்டி. வார்டில் ஆள் கம்மி. ரெனால்ட் மூன்று தடவை போன் செய்தான். “சிரப் குடுங்க, நெத்தியில ஈரத்துணி போடுங்க, நாலு மணிக்கு வந்துடறேன்” என்று மூன்று தடவையும் சொன்னாள். நாலரைக்கு வந்தபோது கட்டில் பக்கத்தில் தம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. அம்மா கையால்தான் குடிப்பேன் என்று குழந்தை வாயை மூடிக்கொண்டதாக ரெனால்ட் சொன்னான். அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அதன்பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. ஊரை மாற்றினால் அவள் சாப்பிடுவாள், தூங்குவாள் என்று நம்பித்தான் அவன் இங்கே பள்ளிக்கு மாற்றல் வாங்கி, இந்த வீட்டையும் வாங்கினான்.

முதல் சில வாரங்கள் அவன் நம்பிக்கை பலிப்பதுபோலத்தான் இருந்தது. சாமிநாதன் ஆசாரி ஓடுகளைப் பிரித்து அடுக்கினார். சட்டங்களில் அப்பியிருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்டச் சுரண்ட, அடியில் தேன் நிறத்தில் மரம் கண் திறந்தது. தேக்குத்தூள் வாசனையும், ஊறவைத்த சுண்ணாம்பின் நெடியும், காற்று திரும்பும்போதெல்லாம் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து வரும் பச்சைத் தோல் நாற்றமும் வீடு முழுக்கக் கலந்து கிடந்தன. ஃபீபி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் கிராதியைத் தேய்த்தாள். ஒருநாள் மத்தியானம் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். ரெனால்ட் அதைப் பார்க்காததுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

மச்சு அறையின் பலகைச் சுவரைக் கழற்ற ஆரம்பித்த அன்றுதான் அவள் அதைக் கேட்டாள். சாமிநாதன் இழைப்புளியை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியிருந்தார். வெளியே ஒரு பஸ் ஹாரன், பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் மெல்லிய, அவசரமான ஓர் இரைப்பு, ஏறி இறங்கி, நடுவில் சிக்கிக்கொண்டு, திரும்பவும் ஏறியது. பதினோரு வருஷம் வார்டில் இருந்தவளுக்கு அது என்னவென்று தெரியும். கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. எண்ணினாள். நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு.

சின்னக் குழந்தையின் மூச்சு. நெஞ்சில் சளி கட்டிய மூச்சு.

“காத்து ஃபீபி,” என்றான் ரெனால்ட், சாயங்காலம். சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றான். “பழைய மரம். வெயில் இறங்குனா சத்தம் போடும்.”

கேட்டதாக அவன் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாமிநாதனுக்குக் கேட்டது. மறுநாள் ஒரு பலகையை நெம்பியவர் உளியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“சிஸ்டர், தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். நிழலில் இருந்த மரம். அடுப்பில் வைத்ததுபோல் சுட்டது.

“போன வருஷம் எங்க பெரிய பொண்ணு போய்ட்டா சிஸ்டர். பிரசவத்துல,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “அவ முனகுறா மாதிரியே இருக்கு. என்னால ஆவாது. வேற ஆள் பாத்துக்கங்க.” கூலியைக்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார். போகும்போது கதவைச் சாத்தி மூன்று தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஃபீபி ஆம்பூர் பஸ் பிடித்தாள். ஜஹீருன்னிசா கதவைத் திறந்து, அவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பசங்க இல்லேன்னியே மா.”

“இருந்தா. ஒருத்தி.”

அந்த அம்மாளின் கண்கள் நிறைந்தன. “அல்லா... குழந்தையே பெறாதவன்னு நெனச்சில்ல குடுத்தேன். யாரையும் பறிகொடுக்காதவங்களுக்கு அந்த வீடு வெறும் வீடுதான் மா. எனக்கு என் பையன் அன்வர் குரல்ல கேக்கும். எங்க அம்மாவுக்கு அவங்க தங்கச்சி குரல்ல கேட்டுச்சாம்.”

“அது யாரு?”

“யாருக்குத் தெரியும்? காய்ச்சல்ல கெடக்குற ஏதோ ஒண்ணு. நாம யாருக்காக அழுவுறோமோ அவங்களா வரும்.” ஃபீபியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது. “இன்னும் பேச்சு வரலையே? மூச்சு மட்டும்தானே? அப்ப டைம் இருக்கு. இன்னிக்கே காலி பண்ணிடு. தண்ணி கேக்கும் மா. எவ்ளோ கெஞ்சினாலும் குடுக்காதே. நான் குடுக்கல. பெத்த வயிறு பத்தி எரிஞ்சுது, ஆனா குடுக்கல.”

திரும்பும் பஸ்ஸில் ஃபீபி ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். குடுக்கல. ஒரு தாய் அதைச் சொல்லிவிட்டு உயிரோடு உட்கார்ந்திருக்க முடிகிறது. ரெனால்ட் வந்ததும் துணிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அப்படித்தான் முடிவு செய்தாள். நிஜமாகவே அப்படித்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றேகால். ஓடு பிரித்த இடத்திலிருந்து வெயில் சாய்வாக விழுந்து, தூசி அதில் மிதந்துகொண்டிருந்தது. பச்சைத் தோல் நாற்றம் இல்லை. சுண்ணாம்பு நெடி இல்லை. ஆரஞ்சு சிரப் வாசனை. ஜெமி துப்பித் துப்பிக் குடிக்கும் அதே சிரப்.

மேலே மூச்சு நின்றது.

“அம்மா.”

ஃபீபி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, டியூட்டி முடிஞ்சுதா?”

அது ஜெமி இல்லை. அவள் இல்லை. உதடு அசையச் சொல்லிக்கொண்டாள். கால்கள் வாசல் பக்கம் திரும்பின. இரண்டடி வைத்தாள்.

“தண்ணி மா. உங்கையால.”

பானையில் தம்ளரை முக்கி எடுத்தது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. மரப்படிகள் ஒவ்வொன்றும் முனகின. மேல் தாழ்ப்பாள். நடுத் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

மூலையில், வெறும் பலகையில், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஜெமி உயரம். ஜெமியின் நீலக் கவுன். முழங்காலை மடித்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் அதே படுக்கை. விலா எலும்புகள் கவுனுக்குள் ஏறி இறங்கின.

ஃபீபி மண்டியிட்டாள். பின்கழுத்து முடியை ஒதுக்கினாள். ஜெமிக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு. குளிப்பாட்டும்போதெல்லாம் அதில் முத்தம் வைப்பாள்.

இல்லை.

மச்சம் இல்லை. அங்கே தோலே தோல் மாதிரி இல்லை. மரத்தின் ரேகைபோல வரிவரியாக ஓடியது.

எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் புறங்கையை அதன் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டாள். கொதித்தது. இரண்டு வருஷமாக அந்தக் கை தேடிக்கொண்டிருந்த சூடு.

“குடி கண்ணு. அம்மா வந்துட்டேன். குடி.”

தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளர் ஒரே மடக்கில் காலியானது.

கீழே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்.

“ஃபீபி? எங்க இருக்கே? இன்னாத்துக்குக் கதவெல்லாம் தொறந்து கெடக்கு?”

“ஷ்...” என்றாள். “சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண் அசந்தா.”

மடியில் இருந்தது மெல்லப் புரண்டு அவள் மார்பில் முகம் புதைத்தது. ஒரு கை மேலே வந்தது. மெலிந்த, சூடான கை. அவள் தோளைத் தொட்டது. முதுகைச் சுற்றியது. இடுப்புக்கு வந்தது. நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது. இன்னொரு முறை முதுகைச் சுற்றியது. இன்னொரு முறை.

ரெனால்ட் படியேறிக்கொண்டிருந்தான்.

இன்னொரு முறை.

ஃபீபி தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.