இரண்டாவது சாவி

"செத்துப்போன மனுஷன் மேல பழியைப் போடாதே! ரெண்டாவது சாவி உன் வேலைதானே?"

"சத்தியமா இல்லை அண்ணி. தேதியைப் பாருங்க. நீங்க இந்த வீட்டுக்கு வந்த வருஷம். அப்ப நான் பத்தாவது ஃபெயிலாகி அழுதுட்டிருந்தேன்."

மருந்துக்கடைக்காரி குனிந்து திரையில் தேதியைப் பார்த்தாள். கொழுந்தன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். அவளுடைய பழைய பெட்டி இழுத்து இழுத்து மூச்சுவிடுகிறதென்று புதியது ஒன்றைக் கொண்டுவந்து, அவள் டைரியைப் பூட்டிவைக்கும் மென்பொருளின் சாவியை அதற்கு மாற்ற உட்கார்ந்திருந்தான். செட்டிங்ஸை எந்தப் பொந்தில் ஒளித்தார்களோ என்று துழாவித் துழாவி, கடைசியில் அகப்பட்டது அந்த வரி: 'எதைப் பூட்டினாலும் இந்தச் சாவியாலும் திறக்கும்படி பூட்டு.' பக்கத்தில் ஒரு டிக். கீழே அவள் புருஷனின் பெயர்.

"உன்னைத் தவிர ஒரு ஈ காக்கா திறக்க முடியாது" என்று பூட்டுப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். பன்னிரண்டு வருஷம்! மாமியாரைத் திட்டி எழுதியது, கடைக்கு வரும் மருந்துக் கம்பெனிக்காரரின் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதியது, எல்லாவற்றையும் படித்துவிட்டு, காலையில் பால் குடித்த பூனை மாதிரி "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டிருக்கிறார்.

"அவர் சாவி வேண்டாம். என்னோடதை மட்டும் மாத்து."

மாற்றினான். பழைய பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பியும்விட்டான்.

மணி மூன்றுதான். ஆனால் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததில் சுவரெல்லாம் சாம்பல் பூத்திருக்க, பிளாஸ்டிக் வாசனை போகாத புதுப்பெட்டி சத்தமே இல்லாமல் ஓட, பழையது இருந்த மூலையில், தூசி விட்டுப்போன வெற்றுச் சதுரத்திலிருந்து, அதன் விசிறி கிறுகிறுவென்று சுற்றி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி சுற்றுவது அவள் காதில் விழுந்தது. அவர் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி வேறு.

ஒரே ஒரு குறிப்பைத் திறந்து பார்த்தாள். அவர் செத்த மறுநாள் எழுதியது. இதையாவது அந்த மனுஷன் படித்திருக்க வழியில்லை.

பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது.

'ராத்திரி இங்க பாரு, இங்க பாரு என்று மூன்று தடவை கூப்பிட்டார். மாத்திரை என் தலைமாட்டில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.'

அவள் எழுதியது அவ்வளவுதான்.

கீழே இன்னொரு வரி.

'நாலு தடவை.'

விசிறி நின்றது.

முதுகுக்குப் பின்னால் அவர் கட்டில் கிறீச்சிட்டது.

ஆறே மாதத்தில் அவள் அந்த மருந்துக் கம்பெனிக்காரரையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இதில் தெருவுக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. புதுப் புருஷன்தான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்கிறாராம்: "கூப்பிட்ட முதல் குரலுக்கே ஓடி வந்து நிப்பா என் பொண்டாட்டி!"

அவர் வெளியூர் போன நாட்களிலும் ஓடுகிறாள். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர். காலிக் கட்டிலருகே போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டியபடி நிற்கிறாள்.

தம்ளர் காலியாகத்தான் திரும்பி வருகிறது.