ஐந்து வாட்

ஆறு மணிக்குச் சுவர் எழுப்பியது. சேரலாதன் எழுந்து நின்றான். சுவர் அவன் மூச்சை எடை போட்டது. நானூறு மில்லி தண்ணீர் கொடுத்தது. பாதியில் முகம் கழுவினான், மீதியில் தேநீர் போட்டான். பிறகு நிலவுக் குடியிருப்பில் எல்லோரும் செய்வதுபோல, இறந்துபோன தன் மனைவியோடு இரண்டு நிமிடம் பேசினான்.

“தூங்கினீங்களா?” என்றாள் அல்லி.

“ம்.”

“பொய். கண்ணு ரெண்டும் சிவந்து கெடக்கு.”

அவள் இறந்து அன்றோடு நூறு நாள்.

ஒருவர் வாழ்நாளில் பேசியதையெல்லாம் சேர்த்து, அவரைப்போலவே பேசும் கோப்புக்கு நினைவுரு என்று பெயர். பொதுக்கணினி அதை நூறு நாள் இயக்கும். அதற்குள் குடும்பத்தார் உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றை வாங்கி, அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நிலவில் மின்சாரம் அளந்துதான் கிடைக்கும். இறந்தவருக்கு ஐந்து வாட். நூறாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பொதுக்கணினி தன் பிரதியை அழித்துவிடும். முறையீடு கிடையாது.

பலகையை இயக்க ‘வேர்’ என்ற இயங்குதளம் இருந்தது. திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். அதனால் அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசவும் செய்தார்கள்.

எந்தப் பலகை நல்லது என்று மூன்றாம் நாளே பலகையாளர் மன்றத்தில் கேட்டிருந்தான். இரண்டாயிரத்து முந்நூறு பதில்கள். ஒருவர் தன் வீட்டில் ஒன்பது பலகைகள் சும்மா கிடப்பதைப் படம் பிடித்துப் போட்டார். இன்னொருவர் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கச் சொன்னார். அந்தக் கப்பல் வந்ததும் அதற்கடுத்த கப்பலுக்கு. அரை வாட் வித்தியாசத்துக்காக இருவர் பன்னிரண்டு நாள் சண்டையிட்டார்கள். யாருக்காகப் பலகை என்று ஒருவரும் கேட்கவில்லை. பூமியில் முன்னோர்கள் ஒரு கைபேசி வாங்க மூன்று மாதம் விமர்சனம் படிப்பார்களாம். நிலவுக்கு வந்தவர்கள் அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

சேரலாதனுக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். ஆனாலும் அத்தனை பதில்களையும் படித்து, அறுபத்தோரு பத்திகளில் ஓர் அட்டவணை போட்டிருந்தான்.

காலை பத்து மணிக்குப் பண்டசாலைக்குப் போனான். அதன் பொறுப்பாளர் பாத்திமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

“வா தம்பி. உன் அட்டவணை ஒருவழியா முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சுது லாத்தா. அந்தப் பன்னிரண்டாம் தலைமுறை. நாலே வாட்தான்.”

“அது போன வாரம் வந்து எறங்குனது. ஒருத்தரும் இன்னும் ஓட்டிப் பாக்கல. இதைக் கொண்டு போ.” பழுப்பேறிய பழைய பலகை ஒன்றை நீட்டினார். “எங்க வாப்பா இதே ரகத்துலதான் ஏழு வருசமா இருக்காரு. இன்னைக்குக் காலையிலகூட என்னை ஏசுனாரு.”

பிள்ளைகள் நிரல் எழுதி விளக்கு மினுக்கிப் பழகும் பலகை அது. அட்டவணையில் கடைசி வரி.

“புதுசே குடுங்க.”

வீட்டுக்கு வந்து வேரை நிறுவினான். பலகை அழகாக எழுந்தது. மூன்று புள்ளி ஒன்பது வாட். ஆனால் அதன் வலைத்தொடர்புச் சில்லை இயக்கும் நிரலை வேரில் இன்னும் யாரும் எழுதியிருக்கவில்லை. வலை இல்லாமல் பொதுக்கணினியிலிருந்து ஒரு சொல்கூட இறங்காது.

மன்றத்தில் கேட்டான். மூன்று நிமிடத்தில் நாற்பது பதில்.

“தயாரிப்பாளர் தப்புக்கு வேரைக் குத்தம் சொல்லாதீங்க.”

“மூலம் தெறந்துதானே கெடக்கு? நீங்களே எழுதிக்கலாமே சார்.”

அவன் பதில் எழுதினான். அதற்குப் பதில் வந்தது. தப்பு யாருடையது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவி முடித்தபோது மணி ஐந்தேகால்.

ஓடினான். பாத்திமுத்து பழைய பலகையில் வேரை ஏற்றித் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

“நீ வருவேன்னு தெரியும். பேசாம ஓடு.”

ஐந்து ஐம்பதுக்குச் செருகினான். உடனே வலை பிடித்தது. பதிவுகள் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி ஏறத் தொடங்கின. முழுதும் ஏற நான்கு மணி நேரமாகும் என்று திரை சொன்னது. ஆறு மணிக்குப் பொதுக்கணினி சொன்னபடி அழித்தது.

ஒரே ஒரு பதிவு வந்து சேர்ந்திருந்தது. நினைவுரு இட்டுக்கட்டிப் பேசியதல்ல, அவளே பேசியது.

இறந்த அன்று அவள் வெளிக்கூரை பழுது பார்க்கக் கிளம்பினாள். அவள் விண்கவசத்தின் மூச்சுச் சீராக்கியிலிருந்த பலகை பழசு. மாற்றித் தருவதாக அவன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கும் ஓர் அட்டவணை இருந்தது.

பதிவை ஓட்டினான். கவசம் பூட்டும் ஓசை. பிறகு அவன் குரல்: “ரெண்டே ரெண்டு மாடல்தான் பாக்கி, அல்லி.”

அவள் சிரித்தாள்.

“பாத்தது போதும், கையில கெடைச்ச ஒண்ண வாங்கி மாட்டுங்க. நான் போயிட்டு வரேன்.”