சுற்றாத தட்டு

வீ...ல்!

ஆஸ்பத்திரி லேபில் அலாரம் அலறியது. சூடாக்கும் பெட்டியைத் திறந்த இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கருகல் நாற்றம்!

அவள் அழவில்லை. போனை எடுத்தாள். முதலில் இன்ஸ்பெக்டர். அடுத்து அக்காவின் கணவர்.

"கெட்டுப்போச்சு அத்தான்... வாங்க."

அவ்வளவுதான். மனசு மரத்துக் கிடந்தது.

புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பு அக்காவிடமிருந்து எடுத்து உறைய வைத்த சினைப்பைத் துண்டு... அக்கா தாயாவதற்கு இருந்த ஒரே வழி! அதைச் சூடாக்கித் திரும்பப் பொருத்த வேண்டிய நாள் இன்றுதான்.

இன்ஸ்பெக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது... பாதி கரி, பாதி ஐஸ்?"

"இது மைக்ரோவேவ் பெட்டி சார். ஐஸ் அந்த அலையை மெதுவாத்தான் வாங்கும். ஒரு ஓரம் உருகிட்டா, அந்தத் தண்ணி மொத்தச் சூட்டையும் இழுத்துக்கும். மத்தது உறைஞ்சே கிடக்க, அது மட்டும் வெந்துடும். அதனாலதான் தட்டு சுத்திக்கிட்டே இருக்கணும். சூட்டையும் விட்டு விட்டுக் கொடுக்கணும்."

"தட்டு சுத்தலையா?"

"மோட்டார் ஒயரை வெட்டியிருக்காங்க."

"யாரு?"

"நேத்து என்னைத் தவிர இங்கே வந்தது ஒருத்தர்தான்..."

பெட்டியை மூடினாள். அத்தான் ஓடி வந்தார்.

"ஐயையோ! ஒரு பக்கம் ஐஸாவே இருக்க, இன்னொரு பக்கம் கருகிப்போச்சே!"

தலையில் அடித்துக்கொண்டார். பெட்டி மூடியே இருந்தது!

"கெட்டுப்போச்சுன்னு மட்டும்தானே சொன்னேன்? ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் கரின்னு எப்படித் தெரியும்?"

"அது... தட்டு நின்னா அப்படித்தானே ஆகும்? நீதானே அன்னிக்குச் சொல்லிக் கொடுத்தே!"

"தட்டு நின்னுச்சுன்னு யார் சொன்னா அத்தான்?"

அத்தான் வாசல் பக்கம் நழுவினான். இனி என்ன மரியாதை?

இன்ஸ்பெக்டரின் கை அவன் தோளில் விழுந்தது. அவன் அவளைப் பார்த்துச் சீறினான்.

"ஆமாடி! குழந்தை இல்லைன்னு சொன்னாத்தானே உங்க அக்காவை வெட்டிவிட்டுட்டு இன்னொருத்தியைக் கட்ட முடியும்? என்னைப் பிடிச்சுட்டுப் போங்க... போனது திரும்புமா?"

"போகவே இல்லையே..."

"என்னது?"

"வெந்தது ஜெல்லி. நிஜத்தை வைக்கறதுக்கு முன்னாடி, அதே கனத்துல ஜெல்லித் துண்டை வெச்சு மெஷினைச் சோதிப்போம். அதை மட்டும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துட்டேன். அக்காவோடது இன்னும் பத்திரமா உறைஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டரே வாயைப் பிளந்தார்.

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கட்டினவனே இப்படிச் செய்தான் என்று அக்காவிடம் யார் சொல்வது? அந்த வேலையும் இவள் தலையில்தான். ஜீப் வரை கூடவே நடந்தாள்.

"அத்தான்... ஜெயில்ல ஒரே இடத்துல உட்காராதீங்க. சுத்திக்கிட்டே இருங்க... இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் வெந்துடுவீங்க!"