சந்துக்குள் ஒரு சூடான சதி!

நாய் உட்கார்ந்துவிட்டது!

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய கல்யாண மண்டபம். மேடையில் 'போதையில்லா மாணவர் சமுதாயம்' என்று பேனர். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள், கார்த்திகை மாதத்து மழையில் பாதி நனைந்து, மீதி தூங்கி... மேடையில் மைக்கைப் பிடித்து உறுதிமொழி வாசித்துக் கொண்டிருந்தவர் ஏட்டு கஜபதி.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். ஒரு நாற்காலிக்கு அடியில் கஞ்சா பொட்டலம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மோப்ப நாய் ரோஜா வந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் கை தட்ட வேண்டும். பிறகு ஆளுக்கொரு சமோசா.

ரோஜா அந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

விறுவிறுவென்று மேடை ஏறியது. ஏட்டய்யாவின் பேண்ட்டை மோந்தது. சட்டையை மோந்தது. அவருக்கு எதிரே, காலை மடக்கி, சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது.

மோப்ப நாய் உட்கார்ந்தால் ஒரே அர்த்தம்தான்.

சரக்கு இங்கே இருக்கிறது!

'போதைப் பொருளை அடியோடு...' என்ற இடத்தில் கஜபதியின் வாய் நின்றது. பிள்ளைகள் மட்டும் விடாமல் கை தட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

இன்ஸ்பெக்டர் வித்யா அவரை மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சோதனை போட்டார். சட்டைப் பையில் ஒரு சீப்பு. பேண்ட் பையில் விபூதிப் பொட்டலமும் பாதி கடித்த கடலை மிட்டாயும். அவ்வளவுதான்.

ஆனால் ரோஜா நகரவில்லை. நாயைப் பிடித்திருந்த போலீஸ்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம்... ரோஜா இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

கஜபதி பொய் சொன்னதில்லை என்று சொல்ல அங்கே யாருமில்லை.

ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். சுத்தம். தப்பித்தோம் என்று கஜபதி மூச்சு விட்டார். ஆனால் காவல் துறையின் கணக்கு வேறு. குடிக்காதவன் மேல் வாடை அடித்தால் அவன் விற்பவனாகத்தான் இருக்க வேண்டும்!

விசாரணை முடியும்வரை ஸ்டேஷன் பக்கம் வர வேண்டாம் என்றார் வித்யா. சிறப்பு எஸ்.ஐ. பதவி உயர்வுக் கோப்பில் கஜபதியின் பெயர் முதலில் இருந்தது. அந்தக் கோப்பும் மூடப்பட்டது. தப்பு நிரூபணமானால் யூனிஃபார்மே போய்விடும் என்பதை வித்யா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மண்ணூர்பேட்டை. கம்பெனி மதில்களுக்குப் பின்னால், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகள். அதில் ஒன்று கஜபதியுடையது.

மனைவி சுதா அடுப்பில் குழம்பைக் கிளறிக் கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் ஒரு மின்விசிறி கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனி ஊரைவிட்டுப் போனதும் அடுப்பங்கரைக்கு மாற்றலாகி வந்துவிட்டாள்.

கஜபதி நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"எவனோ என் சட்டைல கஞ்சாவத் தடவிட்டான் சுதா. அவன் மட்டும் கையில கெடைச்சான்... கைய ஒடிச்சி அடுப்புல வெப்பேன்."

சுதாவின் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"மொதல்ல அந்த யூனிஃபார்மக் கய்ட்டிக் குடு. தொவைக்கறேன்," என்றாள்.

துவைத்தாள். மறுபடி துவைத்தாள். சோப்புத் தண்ணியில் ஊறப் போட்டு இன்னொரு முறையும் துவைத்தாள். புருஷன் மேல் இவ்வளவு பாசமா என்று கஜபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் குறை சொல்லக்கூடாது. போலீஸ்காரர்களுக்குச் சந்தேகமெல்லாம் ஸ்டேஷனில்தான் வரும். வீட்டுக்கு வந்தால் பசிதான் வரும்.

மழை விடவில்லை. ஹாலில் மின்விசிறிக்குக் கீழே யூனிஃபார்ம் தொங்கிக் கொண்டே இருந்தது. காயவில்லை. ஈரநாற்றம் வேறு ஆரம்பித்தது. வேலையில்லாமல் அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்த கஜபதியின் மண்டைக்குள் ஏதோ நெருடியது.

போன வாரமும் இதே மழைதானே? அப்போது மட்டும் சட்டை அப்பளம் மாதிரி காய்ந்ததே... எப்படி?

கேட்டார்.

"அப்ப வெயிலு வந்துச்சி," என்றாள் சுதா, முகத்தைப் பார்க்காமல்.

வெயில் வரவில்லை. அது கஜபதிக்கு நன்றாகத் தெரியும். மழையில் நனைந்துகொண்டே பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிகளை ஒழுங்கு பண்ணியவர் அவர்தானே!

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சந்துக்குள் நுழைந்தார். இவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில், ஒரு ஆள் உடம்பைத் திருப்பினால் உரசும் சந்து. வழக்கமாகத் துணி காயும் கொடி அங்கேதான் இருந்தது. மேலே தகரக் கூரை. கொடிக்கு அடியில் போய் நின்றார்.

வழுக்கைத் தலையில் சூடாகக் காற்று அடித்தது!

அண்ணாந்து பார்த்தார். பக்கத்து வீட்டுப் பின்னறையின் வெண்டிலேட்டரிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வெள்ளி நிறக் குழாய். அதன் வாய் துணிக்கொடியைப் பார்த்துத் திருப்பி விடப்பட்டிருந்தது. அதிலிருந்து புஸ்ஸென்று வெந்த காற்று. கூடவே ஒரு வாடை.

அந்த வாடை அங்கே ரொம்ப நாளாகவே இருந்தது. ஆனால் மண்ணூர்பேட்டையில் மூக்குக்கு மரியாதை கிடையாது. எந்த நாற்றம் வந்தாலும் 'எஸ்டேட் வாடை' என்று ஏதாவது ஒரு கம்பெனியின் தலையில் போட்டுவிட்டு, மேற்கொண்டு சாப்பிடுகிற ஊர் அது. கஜபதியும் அப்படியேதான் சாப்பிட்டு வந்தார்.

இப்போது முதல்முறையாக மூக்கை வேலைக்கு விட்டார்.

குப்பென்று வியர்த்தது!

அந்த வீட்டில் குடியிருந்தவன் பிரசன்னா. ஐ.டி. வேலையை விட்டவன். பெரிய ஹோட்டல்களுக்குக் குட்டிக் கீரை வளர்த்துக் கொடுப்பதாகத் தெருவில் சொல்லி வைத்திருந்தான். பின்னறை ஜன்னலில் எப்போதும் கறுப்புத் துணி. ஒருநாள் அன்பளிப்பாகக் கொடுத்த கீரையைக் கஜபதி சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டு, நல்ல பையன் என்று சர்டிபிகேட்டும் கொடுத்திருந்தார்.

கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு கிழிசல். கண்ணை வைத்தார். பளீரென்ற விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் விரித்தாற்போல் இலைகள். கேஸ் போட்டுப் போட்டு அவருக்கு மனப்பாடமான இலைகள்!

போனை எடுத்தார். சந்தோஷத்தில் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"மேடம்... என் மேல வாடை எங்கேருந்து வந்துச்சின்னு கண்டுபுடிச்சிட்டேன்."

சுதா கடையிலிருந்து திரும்பி அடுப்பங்கரைக்குள் போன கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. வித்யா, காவலர் செல்வகுமார், ரோஜா, இன்னும் இருவர். பின்னாலேயே மோப்பம் பிடித்துக் கொண்டு கேமராவோடு ஒரு நிருபர். பிரசன்னா கதவைத் திறந்தான், நாயைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ரோஜாவும் அவனுக்கு எதிரே உட்கார்ந்தது.

பின்னறைக்குள் நுழைந்த வித்யா அசந்துபோனார்.

அனல் கக்கும் விளக்குகள். ஆனால் அறை குளுகுளு! ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு குழாய், எழும்புகிற சூட்டை அப்படியே உறிஞ்சிக் கொண்டு போனது. எல்லாக் குழாய்களும் கூரையோரம் இருந்த பெரிய விசிறியில் போய்ச் சேர்ந்தன. விசிறி அந்தச் சூட்டைச் சந்துக்குத் தள்ளியது. எதிர்ச் சுவரில், தரையோரமாக, கொசுவலை அடித்த ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

"என் ரூம்லகூட இப்படிக் காத்து வராது," என்றார் வித்யா. குரலில் லேசாகப் பொறாமை இருந்தது.

இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டார். யூட்யூப் பார்த்து நானே செய்தேன் என்றான் பிரசன்னா. அப்படியானால் இந்தக் குழாய்க்குள் இருக்கிற டப்பா எதற்கு என்றார். அவன் பேய் முழி முழித்தான். இன்னொரு கை இருக்கிறது என்று வித்யாவுக்குப் புரிந்துவிட்டது. கஜபதிக்கும் புரிந்தது. அந்தக் கையையும் சேர்த்துப் பிடித்தால் பதவி உயர்வு நிச்சயம் என்று மனசுக்குள் ஸ்டார் குத்திக் கொண்டார்.

அப்போதுதான் அந்த விபரீதம்...

செல்வகுமாரின் பூட்ஸ், தரையில் ஓடிய கறுப்பு ஒயரில் மாட்டி இழுத்தது. விசிறி நின்றது!

விளக்குகள் மட்டும் எரிந்தன.

செல்வகுமார் அவசரமாக விளக்கை அணைக்கப் போனார். வித்யா தடுத்தார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைப்பற்றிய பொருட்களுக்கு மகஜர் எழுதி முடிக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்பது விதி. அலுவலர் மழையில் ஆவடி பக்கம் எங்கோ மாட்டிக் கொண்டிருந்தார். விதி விதிதான். எல்லோரும் வியர்வையில் ஊறிக்கொண்டு விதியைக் காப்பாற்றினார்கள்.

அறை கொதித்தது. குழாயில் ஒட்டியிருந்த டேப் சுருண்டது. ஒரு விளக்கின் தலையிலிருந்து மெல்லிய புகை!

"ஃபேன் சுவிட்ச் எங்கடா?" என்றார் வித்யா.

பிரசன்னாவின் பார்வை சந்துப் பக்கம் போய்த் திரும்பியது. பிளாஸ்டிக் தீயும் நாற்றம் கிளம்பியது. ரோஜா முனகியது. நிருபர் கேமராவை மறந்து கதவைத் தேடினான்.

டக்!

சத்தம் அந்த அறையிலிருந்து வரவில்லை. ஆனால் விசிறி சுற்ற ஆரம்பித்தது! புகை நெளிந்து, குழாய்க்குள் புகுந்து, மறைந்தே போனது.

வித்யாவின் கண்கள் கறுப்பு ஒயரைப் பிடித்துக் கொண்டு நடந்தன. தரை... சுவர்... வெண்டிலேட்டர்... வெளியே சந்து... துணிக்கொடிக்கு மேலாக... எதிர் வீட்டுச் சமையலறை ஜன்னல்...

ஜன்னலுக்குள் சுதா!

ஒரு கையில் கரண்டி. இன்னொரு கை, விழுந்த டிரிப் சுவிட்சை மேலே தள்ளியபடி!

பின்னாலேயே சந்துக்கு வந்த கஜபதியும் பார்த்தார். அப்படியே சந்துச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

சுதா ஓடவில்லை. கையைத் துடைத்துக் கொண்டு வெளியே வந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிரசன்னா ஆரம்பத்தில் விளக்கைச் செடிக்கு மேலேயே தொங்கவிட்டு மொத்தத்தையும் கருக்கினானாம். அடுத்த தடவை ஜன்னல் துணியே பற்றிக் கொண்டதாம். பக்கத்து வீடு எரிந்தால் தன் வீடும் எரியுமே என்றுதான் உள்ளே போனாளாம். பிறகு வேலையை ரசிக்க ஆரம்பித்துவிட்டாளாம். அவன் வீட்டு ஒயரிங் பழசு. விளக்குகளோடு விசிறியையும் தாங்காது. அதனால் விசிறிக்கு மட்டும் தன் வீட்டுக் கரண்ட்.

அது கஞ்சா என்று தெரியுமா என்றார் வித்யா.

"போலீஸ்காரன் பொண்டாட்டி மேடம். தெர்யாதுன்னு சொன்னா அவுருக்குத்தான் அசிங்கம்."

"தெரிஞ்சுமா அவர் யூனிஃபார்மை அங்க காயப்போட்ட?"

"அம்மாஞ் சூடான காத்து, மழை நாள்ல சும்மா போவுதேன்னு போட்டேன். வாடை வராம இருக்கத்தான் கரி டப்பா வெச்சேன். அப்பப்போ கரிய மாத்துடான்னு இவனாண்ட தலப்பாடா அடிச்சிகினேன். சோம்பேறி, மாத்தல."

பிரசன்னா தலையைக் குனிந்து கொண்டான்.

வித்யா குரலைத் தணித்தார். "இப்ப அந்த சுவிட்சைத் தொடாம இருந்திருந்தா, உன்மேல யாருக்கும் சந்தேகமே வந்திருக்காதே?"

"லைட்டு எரியறப்போ ஃபேன் நிக்கலாமா மேடம்? காதுல ஃபேன் சத்தம் கேக்கல... மனசும் கேக்கல."

கஜபதி அருகில் வந்தார். கையை ஒடிப்பேன் என்று சொன்னவருக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. அழுகையை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சுதா."

"சொன்னா நீ புடிச்சிக் குட்த்திருப்ப. இப்போ சொல்லாமயே புடிச்சிக் குட்த்துட்ட. அழுவாத, நல்ல போலீஸ்காரன்தான் நீ."

விதிப்படி எல்லாம் நடந்தது. அலுவலர் வந்தார், மகஜர் எழுதினார்கள். ஏட்டு கஜபதி குற்றமற்றவர், அடுத்த நாளே வேலைக்கு வரலாம், பதவி உயர்வுக்கும் தடையில்லை என்று வித்யா அறிவித்தார். கஜபதி சல்யூட் அடித்தார். வாழ்க்கையில் அவ்வளவு கனமான சல்யூட்டை அவர் அடித்ததே இல்லை.

ஜீப்பில் பிரசன்னா, சுதா, காவலர்கள், காலடியில் ரோஜா. மழைக்காகக் கண்ணாடிகளை இறுக்கி மூடியிருந்தார்கள். உள்ளே புழுங்கித் தள்ளியது. முன் சீட்டில் வித்யா தொப்பியைக் கழற்றி விசிறிக் கொண்டார்.

சுதா சுற்றுமுற்றும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"சூடு மேலால வெளிய போவணும், காத்து கீழால உள்ள வரணும் மேடம். இப்பிடி மூடிக்கினு இருந்தா உங்க டிபார்ட்மெண்ட்டுல கேஸ் கட்டத் தவிர வேற ஒண்ணும் வளராது!"