பறப்பதற்கு முன் கழற்றவும்

தாளில் இருந்தது இருபத்துநான்கு டேக். பொம்மை விமானத்தில் கட்டியது பன்னிரண்டு. மிச்சம் பன்னிரண்டு இருக்க வேண்டும், தட்டில் எட்டுதான் இருந்தது. பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

நிஜ விமானம் தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமல் இருக்க ஒரு பூட்டு முள் செருகுவார்கள், காற்றுக் குழாய்களுக்கு உறை போடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நாடா தொங்கும். பறப்பதற்கு முன் கழற்றவும் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஒன்றை மறந்துவிட்டுக் கிளம்பினாலும் ஆபத்து. பொம்மை விமானத்தில் அந்த நாடாதான் டேக், ஓர் அரிசி அளவுகூட வராது. தலைமுடி போன்ற செப்புக் கம்பியை அதன் ஓட்டையில் கோத்து, இடுக்கியால் இரண்டு முறுக்கு முறுக்கி, வாலை நறுக்கிவிட வேண்டும். சிதம்பரத்தில் கடை வைத்திருக்கும் ஸ்ரீதர் சாருக்கு ஐந்து வருஷமாக இதைச் செய்து கொடுக்கிறாள். அந்தக் கைவேலையைப் பார்த்துத்தான் ஷார்ஜாவில் மாடல் செய்யும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. இன்று இரவு சென்னையில் விமானம். ஸ்ரீதர் சாருக்கு அனுப்பும் கடைசிப் பெட்டி இது.

மணி பதினொன்று ஆகியும் வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை. விடியற்காலையில் போன கரண்ட் வரவில்லை. முதுநகரில் இப்படி மழை பிடித்தால் துறைமுகத்துப் பக்கமிருந்து டீசலும் கருவாடும் கலந்த ஈர நாற்றம் வந்து சுவரிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரே கூடம், ஒரே வாசல், பின்னால் குளியலறை, அவ்வளவுதான் வீடு. ஜன்னலோரம் அவள் மேஜை. எதிர்ச்சுவரில் மாதா படத்துக்குக் கீழே அம்மாவின் கட்டில்.

சவரியம்மாள் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. பேச்சு போய்விட்டது. இரண்டு கையும் முஷ்டியாக மூடிக்கொண்டவை திறக்கவே இல்லை. உள்ளங்கையைத் துடைக்க வேண்டுமென்றால் துணி நுனியை விரலிடுக்கில் திணித்துத் திணித்துத்தான் துடைக்க வேண்டும். மிஞ்சியவை மூன்று. காலையிலிருந்து ராத்திரிவரை ஓயாமல் ஒரு ‘ம்ம்ம்’. தாளம் போடுவதுபோல் அசையும் இடது கால் கட்டைவிரல். மகள் போகுமிடமெல்லாம் கூடவே போகும் கண்கள்.

தம்பி ராஜவேல் சேத்தியாத்தோப்பிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறான். அம்மாவை இனி அவன் பார்த்துக்கொள்வான். அதை நினைக்கும்போதெல்லாம் பிரிசில்லாவுக்குச் சந்தோஷம் பொங்கியது, உடனே வெட்கமாகவும் இருந்தது. அம்மாவின் பக்கம் திரும்பாமலே காலையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

காணாமல் போனவற்றில் முதல் டேக் பயணப் பெட்டியின் ஜிப்பில் இருந்தது.

இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்துக் கம்பி போட்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் நாமே கட்டியிருப்போமோ என்று யோசித்தாள். ஆனால் இது அவளுடைய முறுக்கு இல்லை. பூக்கட்டும்போது காம்பைச் சுற்றி வளையம் போட்டு இழுப்போமே, அந்த முடிச்சு. அவளுக்குப் பூக்கட்ட வராது, விழுவதற்கு முன் அம்மாதான் கட்டுவாள். கட்டரை வைத்து நறுக்கினாள். தலைமுடித் தடிமன் கம்பிதான், ஆனால் சாமானியத்தில் அறுபடவில்லை. அறுந்தபோது விரலில் சுரீர் என்றது.

எதுவோ குறைந்த மாதிரி இருந்தது. மழைச் சத்தம் திடீரென்று ஜாஸ்தியாகக் கேட்டது. ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மாவின் ‘ம்ம்ம்’ நின்றுபோயிருந்தது.

“என்னம்மா, தூக்கமா?”

கண்கள் திறந்தே இருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் புகட்டினாள், இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. சத்தம் ஓய்ந்ததே நல்லதுதான் என்றும் ஒரு நினைப்பு வந்தது.

இரண்டாவது டேக், பயணத்துக்கென்று வாங்கிய செருப்பில். இரண்டு வாரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. அதே முடிச்சு. எரிச்சலோடு நறுக்கினாள், நிமிர்ந்து பார்த்தாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அம்மாவின் கால் கட்டைவிரல் அசையவில்லை. பிடித்து அமுக்கினாள். ஜில்லென்று இருந்தது. அசையவில்லை.

போனை எடுத்தாள்.

“எங்கடா இருக்க?”

“குறிஞ்சிப்பாடி தாண்டிட்டேங்க்கா. செம மழ. வண்டி ஊந்துதான் வருது. ரெடியாயிட்டியா?”

“ராஜா, அம்மா ஒரு மாதிரி இருக்காங்கடா. நான் போவலன்னா என்னடா?”

“தெரியும், கடைசி நேரத்துல இப்படி ஆரம்பிப்பன்னு. ரெண்டு வருஷமா அந்த ஊட்டுக்குள்ளயே கெடக்குற. போதும்க்கா. நாங்க பாத்துக்கறோம், நீ கெளம்பு.”

அவன் குரலைக் கேட்டதும் தைரியம் வந்தது. அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஓடியது. வயசானவர்களுக்கு மழைக்குளிரில் இப்படி ஆகும். டேக் கட்டியது யார்? அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளாமல் இருந்தாள். ராத்திரி முழுக்க வாசல் தாழிட்டுத்தான் இருந்தது. வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

மூன்றாவது டேக் பாஸ்போர்ட்டில் இருந்தது. நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, கம்பி ஓட்டி, புத்தகத்தையே தைத்து வைத்திருந்தது.

கட்டர் கையில் இருந்தது. அம்மாவின் கண்கள் கட்டரைப் பார்த்தன. பிறகு மகளைப் பார்த்தன. பயம் இல்லை அந்தப் பார்வையில். கெஞ்சலும் இல்லை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

“மன்னிச்சுக்கம்மா,” என்றாள். சந்தேகம் வந்த பிறகும் வெட்டினாள்.

கண்கள் அப்படியே நின்றுவிட்டன. அவள் நகர்ந்தாள். அவை கூட வரவில்லை. மேஜைப் பக்கம் போனாள், கட்டில் தலைமாட்டுக்குப் போனாள், கையை முகத்துக்கு நேரே ஆட்டினாள். அவள் நின்றிருந்த பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூச்சு மட்டும் இருந்தது. போர்வை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

“மாதாவே,” என்றாள் பிரிசில்லா. கட்டரை மேஜைமேல் வைத்தாள். இன்னும் ஒரு டேக் இருக்கிறது. அது எங்கிருந்தாலும் தொடப்போவதில்லை. பக்கத்து வீட்டு லோகநாயகி அக்காவைக் கூப்பிட வேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விமானமாவது ஒன்றாவது. ஓடிப்போய்க் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். மழையில் ஊறிக் கிடந்த தாழ்ப்பாள் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. கதவை உள்பக்கம் இழுத்தாள்.

ஒரு விரற்கடை திறந்தது. அதற்குமேல் வரவில்லை.

பின்னால் அம்மாவின் தொண்டையில் களக் என்றது.

கதவு வளையத்துக்கும் நிலை வளையத்துக்கும் நடுவே கம்பி விறைத்து நின்றது. நடுவில் சிவப்பாக ஒரு துணுக்கு நடுங்கியது. அவ்வளவு கனத்த கதவை அந்த முடிக்கம்பி பிடித்து வைத்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் பிளந்திருந்தது. போர்வை ஏறவில்லை.

கதவைச் சாத்தினாள். போர்வை ஏறியது.

தாழ்ப்பாளைத் தள்ளினாள். போகவில்லை. உள்ளங்கையால் குத்தினாள். துருவும் ஈரமும் பிடித்துக்கொண்டு, பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வெளியே காற்று ஓங்கியடித்துக் கதவை உந்தியது. களக். முதுகைக் கொடுத்துக் கதவோடு சாய்ந்துகொண்டாள். மூச்சு வந்தது.

மேஜை எட்டாது. போன் மேஜைமேல். கட்டிலும் எட்டாது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. தெருவில் கார் வந்து நின்றது. ஹார்ன் இரண்டு தடவை அடித்தது.

“அக்கா!”

கதவு தட்டப்பட்டது. ஒவ்வொரு தட்டும் முதுகெலும்பில் விழுந்தது.

“தள்ளாதடா! ராஜா, தள்ளாத!”

“என்னாது? மழயில ஒண்ணும் கேக்கல. கதவு ஏன் இப்படி இறுக்கிக்கிச்சு? நீ நவுரு, நான் தள்றேன்.”

“வேணாம்! அம்மா செத்துருவாங்கடா!”

“கேக்கலக்கா. நவுரு.”

தோள் வந்து மோதியது. கதவு ஒரு நூல் திறந்தது. அம்மாவின் வாய் பிளந்தது. பிரிசில்லா குதிகாலைத் தரையில் ஊன்றித் திருப்பித் தள்ளினாள். வாய் மூடியது. மறுபடி மோதினான். பிளந்தது. தள்ளினாள். மூடியது. கால் வழுக்கியது. தரையெல்லாம் மழைத்தண்ணீர்.

“இரு, ஜாக்கி ராடு எடுத்துட்டு வரேன்.”

காலடிச் சத்தம் காரை நோக்கிப் போனது.

நகர முடியாது. அழக்கூட முடியவில்லை. அழுதால் உடம்பு தளரும். கட்டிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

போர்வைக்கு மேலே கிடந்த முஷ்டிகளில் ஒன்று திறந்தது.

ஒவ்வொரு விரலாகத் திறந்தது. பிறகு அடுத்தது. உள்ளங்கைகள் வெளுத்து, ஊறிப்போய், விரல்களுக்கு நடுவே செப்புக் கம்பி மினுங்கியது. கண்கள் இன்னும் அந்தப் பழைய இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கைகள் மட்டும் வளையம் போட்டன. இழுத்தன. வளையம் போட்டன. இழுத்தன. வேகமாக, பழகிய வேகத்தில்.

கம்பி கட்டிலை விட்டு இறங்கித் தரைத் தண்ணீரில் ஊர்ந்து வந்தது. அவள் பாதத்தின்மேல் ஏறியது. புடவை மடிப்பைத் தாண்டியது. கழுத்து. கன்னம்.

வெளியே கார் டிக்கி சாத்தும் சத்தம். “வந்துட்டேங்க்கா!”

காது குத்திய துளையில் கம்பி நுழைந்து மறுபக்கம் வந்து, கதவு வளையத்தைச் சுற்றிக்கொண்டு இறுகியது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. தோளுக்குமேல் அரிசி அளவில் ஏதோ சிவப்பாக ஆடியது. எதிரே அம்மா, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, கைகளைக் கோத்துப் போர்வைமேல் வைத்துக்கொண்டாள்.