ஒன்பது எண்ணிக்கை மௌனம்

ஆஷா மிருதங்கம் வாசிக்கும்போது உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், பத்து விரலும் இருபதாகத் தெரியும். எதிர்வீட்டுத் தரணிக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆஷா பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்ததும் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அணையாக வைத்து, அதன்மேல் மிருதங்கத்தைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். ஐந்தாம் வகுப்புத் தரணி எதிரே உட்கார்ந்து தாளம் போடுவாள். ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் ஒரு தட்டு, உள்ளங்கை மேலே பார்க்க ஒரு திருப்பு. இன்னொரு தட்டு, இன்னொரு திருப்பு. மொத்தம் எட்டு எண்ணிக்கை.

தரணி எட்டு எண்ணுவதற்குள் ஆஷாவின் விரல்கள் நாற்பது அடி அடித்திருக்கும். எண்ணிக்கைக்கு ஐந்து அடி. அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. அது நிறுத்துவது.

மளமளவென்று வாசித்துக்கொண்டே வந்து, ஐந்து எண்ணிக்கைக்குக் கையைத் தூக்கிவிடுவாள். சத்தமே இருக்காது. மறுபடி வாசித்து, ஏழு எண்ணிக்கை மௌனம். மூன்றாவது முறை ஒன்பது. ஒன்பதும் முடிந்த நொடியில் கைகள் இறங்கி ஓடி, கடைசி அடி தாளத்தின் முதல் தட்டில் வந்து விழும். மயிரிழைகூடப் பிசகாது. இது கைக்கு வர அவளுக்கு இரண்டு வருடம் ஆனது.

"வாசிக்கறது கஷ்டமுங்களா, சும்மா இருக்கறது கஷ்டமுங்களா அக்கா?" என்று தரணி ஒரு நாள் கேட்டாள்.

"சும்மா இருக்கறதுதான். வாசிக்கும்போது கையே எண்ணிக்கிடும். சும்மா இருக்கும்போது நான்ல எண்ணணும்" என்றாள் ஆஷா. அவளுக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம்.

போன வருடம் பிள்ளையார் கோயில் விழாவில்தான் வம்பு வந்தது. மூன்றாவது மௌனத்தில் ஆஷா கையைத் தூக்கினாள். முடிந்துவிட்டது என்று பந்தலே கைதட்டியது. விழாக் கமிட்டித் தலைவர் சாமியப்பன், ஒரு பனியன் கம்பெனி முதலாளி, மேடையேறி ஆஷாவுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். இரண்டு கையும் உள்ளே மாட்டிக்கொண்டன. இன்னும் மூன்று எண்ணிக்கை பாக்கி இருந்தது.

ஆஷா சிரித்தபடி கும்பிட்டாள். அந்தச் சிரிப்பு தரணிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

இந்த வருடக் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் ஆஷா நிறுத்தாமலே வாசித்து முடித்தாள். தரணியின் விரல் அந்தரத்தில் நின்றது. மௌனம் எங்கே என்று கேட்டாள்.

"அத எடுத்துட்டேன் தரணி. தட்டுறவங்கள எப்படிக் குத்தம் சொல்றது? பிரியத்துலதான தட்டுறாங்க."

தரணி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். ஊரிலேயே யாருக்கும் வராத ஒன்று அக்காவுக்கு வரும். அதை ஊர் கேட்காமலே போய்விடுமா?

கைதட்ட வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலையில் கை வைக்காதே என்பது போல இருக்கும் என்றாள் அம்மா. தரணி தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும்தான் போன வருடம் முன்வரிசையில் இருந்தேன். நான் ஏன் கைதட்டவில்லை? தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கை காலியாக இல்லை.

மறுநாள் காலை சாமியப்பனின் கம்பெனி வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க பெரியப்பா, கச்சேரியில முன்னால ஒக்காந்து தாளம் போட ஆளு வேணுமுங்க."

"எனக்குப் பாட்டே வராதே கண்ணு."

"பாட்டு வேண்டாமுங்க. எட்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாப் போதுமுங்க. நீங்க போட்டீங்கன்னா ஊரே போடுமுங்க."

சாமியப்பன் வலது கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எங்க, சொல்லிக் குடு பாக்கலாம்."

மோதிரவிரலை மடக்கினால் நடுவிரலும் கூடவே மடங்கியது. அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க அவருக்கு ஒரு நாள் பிடித்தது. முதலாளி தொடையில் தட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து டெய்லர்கள் கேட்டார்கள். டீ நேரத்தில் அவர்களும் கற்றுக்கொண்டார்கள். சனிக்கிழமை கட்டிங் மேசையிலிருந்து அயர்னிங் மேசைவரை எட்டு எட்டாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தரணி எல்லாவற்றையும் ஆஷாவிடம் சொன்னாள். ஆஷா சிரித்தாள். மௌனத்தோடு வாசிப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. பாட வந்த வித்வான் பாட்டை நிறுத்தி, ஆஷாவைப் பார்த்துத் தலையசைத்தார். இனி மிருதங்கம் தனியாக. எண்ணிக்கைக்கு ஐந்து ஐந்தாக அடிகள் புரண்டு வந்தன. முன்வரிசையில் சாமியப்பன் தொடையில் தாளம் போட்டார். அவரைப் பார்த்துப் பின்னால் பந்தலே தாளம் போட்டது. ஆஷா ஒரு முறை நிமிர்ந்து அத்தனை கைகளையும் பார்த்தாள்.

அப்புறம் கையைத் தூக்கினாள்.

ஐந்து எண்ணிக்கை. யாரும் கைதட்டவில்லை. அடுத்து ஏழு. அதற்கும் இல்லை. மூன்றாவது மௌனம். நான்கு எண்ணுவதற்குள் சாமியப்பனின் முழங்கால் லேசாக எழுந்தது. ஆனால் அவர் அப்போது சுண்டுவிரலில் இருந்தார். எழுந்தால் கணக்குத் தப்பிவிடும். உட்கார்ந்துவிட்டார். பந்தலில் தொடைகளில் விழும் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு. எட்டு. ஒன்பது.

ஆஷாவின் கைகள் இறங்கின. ஓடி வந்த கடைசி அடியும் முந்நூறு பேரின் முதல் தட்டும் ஒன்றாக விழுந்தன.

வித்வான்கூடப் பாட்டை எடுக்க மறந்து ஆஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாக் கைகளும் இன்னும் எண்ணிக்கொண்டே இருந்தன.

ஆஷா மைக்கின் பக்கம் சாய்ந்தாள். "முடிஞ்சிருச்சுங்க. இனிமே கைதட்டலாம்."

"இரு கண்ணு, ஒரு திருப்பு பாக்கி இருக்குது" என்றார் சாமியப்பன். அதையும் ஒழுங்காகப் போட்டு முடித்த பிறகுதான் அவர் கைதட்டினார்.